திங்களூரிலிருந்து தில்லைஸ்தானம் வரை: மார்கழிக் காலையில் ஒரு காவிரிக்கரை நடை

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் நகரப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று 13 கிலோமீட்டருக்குள் 5 ஆறுகள் வந்துவிடும். ஐயாறு என்ற பெயருக்கே இந்த ஐந்தையும் காரணமாகச் சொல்வார்கள். ஐந்தாவது பாலத்தைத் தாண்டியதும் வருகிற வடகரைதான் நான் இங்கே எழுதப்போகும் நடைக்கான இடம். கிழக்கே திங்களூர், அடுத்துத் திருப்பழனம், நடுவில் திருவையாறு, மேற்கே தில்லைஸ்தானம் என்று நான்கு ஊர்களைத் தொட்டு, சற்றேறக்குறைய 8 கிலோமீட்டர் போகும் பாதை இது. டெல்டா நிலம் ஆதலால் மேடு பள்ளமே கிடையாது. என் அக்காவுக்கு வயது 63, எனக்கு 56, இருவருக்குமாகச் சேர்த்து நல்ல முழங்கால் இரண்டே இரண்டுதான் தேறும். அப்படியிருந்தும் இந்த நடையை எங்களால் முடிக்க முடிந்தது. ஆனால் முதல் தடவையில் முடியவில்லை என்பதையும், அது ஏன் என்பதையும் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாக இருக்காது.

முதல் முயற்சி சித்திரையில். திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழூர்த் தலங்களை, அதாவது திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் (இன்றைய தில்லைஸ்தானம்) ஆகிய ஏழையும், ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடுவது என்று நான்தான் திட்டம் போட்டேன். அந்த ஆசைக்கு ஒரு நியாயமும் இருந்தது. சித்திரை விசாகத்தை ஒட்டி ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டு இந்த ஏழு ஊர்களையும் சுற்றி வரும் ஏழூர்த் திருவிழாவில், ஊர் ஊராக மக்களும் பல்லக்கோடு நடந்துதான் வருகிறார்கள். பங்குனியில் திருமழபாடியில் நடக்கும் நந்தி திருமணத்தோடு இந்தப் பயணத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். கல்யாணத்துக்குச் சோற்றுத்துறையிலிருந்து சோறும், பூந்துருத்தியிலிருந்து பூவும், நெய்த்தானத்திலிருந்து நெய்யும், வேதிகுடியிலிருந்து வேதியரும் வந்ததாகவும், அதற்கு நன்றி சொல்லத்தான் சுவாமி ஏழு ஊருக்கும் போய் வருவதாகவும் கதை. பல்லக்கைத் தோளில் சுமந்துகொண்டே நடக்க முடிகிற தூரம் வெறுங்கையோடு போகிற நமக்கு முடியாதா என்று நினைத்தேன். பல்லக்கு தங்கித் தங்கித்தான் போகிறது என்பதையும், வழி நெடுகத் தண்ணீரும் மோரும் கொடுக்க அன்று ஊரே திரண்டு நிற்கிறது என்பதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று தில்லைஸ்தானத்தில் இறங்கும்போதே மணி 9. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்ததால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான் வெள்ளையாகத் தகித்துக்கொண்டு கிடந்தது. ஐயாறப்பர் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தளத்தில் பதினோரு மணிக்கு வெறுங்காலோடு ஒரு சுற்று வந்ததில் அக்காவின் இரண்டு பாதங்களும் கன்றிப் போயின. ஓடி ஓடித் திருப்பழனம் சேர்ந்தபோது மணி 12.20, கோயில் நடை சாத்தியிருந்தது. மாலை 4 மணிக்குத்தான் இனித் திறப்பார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே கிடைத்த நிழலில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னது இது: "ஏழு ஊரப் பாக்கணும்னு வந்து ஏழு பூட்டப் பாத்துட்டுப் போகப்போறோமாடா தம்பி?" அதற்குமேல் நான் பேசவில்லை. அடுத்து வந்த பேருந்தில் ஏறித் திரும்பிவிட்டோம்.

இரண்டாம் முறை அந்தத் தவறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டோம். முதலில் ஏழு என்ற எண்ணை விட்டோம். வடகரையில் உள்ள தலங்கள் மட்டும் போதும், திங்களூரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இரண்டாவதாகத் திசையை மாற்றினோம். காலையில் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போகிறோமே என்று எனக்கு ஒரு சின்னக் குறை இருந்தது, ஆனால் கண் கூசாமல் நடப்பதற்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மூன்றாவதாகக் காலம்.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நடையில் பாதி அழகு ஆற்றில் தண்ணீர் ஓடுவதில்தான் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். மழையையும் இருப்பையும் பொறுத்துத் திறப்பு முன்பின்னாக மாறும். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். ஆகவே பருவம் சரியாக இருந்தாலும் நாம் போகிற நாளில் காவிரி மெலிந்து கிடக்க வாய்ப்புண்டு. நாளிதழ்களின் திருச்சி, தஞ்சைப் பதிப்புகளில் கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்ற செய்தி வரும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அதைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆடியில் ஆறு நிறைந்து ஓடும், ஆனால் ஆடி அமாவாசையும் ஆடிப்பெருக்கும் அமைதியாக நடக்க நினைப்பவர்களுக்கான நாட்கள் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் கரையோரம் சேறாகிவிடும். மழை ஓய்ந்து, ஆற்றில் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மார்கழிக் கடைசிதான் எங்கள் அனுபவத்தில் நல்ல நேரம். மார்கழிக்கு இன்னொரு வசதியும் உண்டு: கோயில்களை விடியுமுன்பே திறந்துவிடுகிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பினோம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அக்காவுக்கு இலவசச் சீட்டு, எனக்கு மட்டும்தான் காசு. திருவையாற்றில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துத் திங்களூர்க் கோயில் வாசலிலேயே போய் இறங்கிக்கொண்டோம். நடக்கத் தொடங்கியபோது மணி 6.45. பனி இன்னும் விலகவில்லை. தெருவில் வாசலுக்கு வாசல் பெரிய பெரிய கோலங்கள், நடுவில் சாணிப்பிள்ளையார் தலையில் பரங்கிப்பூ. கோலத்தை மிதிக்காமல் போக வேண்டுமென்றால் அந்தத் தெருவில் நேராக நடக்கவே முடியாது, வளைந்து வளைந்துதான் போக வேண்டும்.

திங்களூர்க் கைலாசநாதர் கோயிலை இப்போது எல்லோரும் நவக்கிரகத் தலங்களில் சந்திரனுக்கு உரியதாகவே அறிந்திருக்கிறார்கள். திங்கள் என்ற பெயரும் அதற்குத் துணையாக அமைந்துவிட்டது. ஆனால் நடந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் நெருக்கமானவர் வேறொருவர். அவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே அவர்மேல் கொண்ட பக்தியால் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர் வைத்ததோடு, வழிப்போக்கர்களுக்காகத் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயரைச் சூட்டியவர். திருப்பழனத்திலிருந்து வந்த நாவுக்கரசர் தாகத்துக்கு ஒதுங்கியது அந்தப் பந்தலில்தான். தம் பெயர் அங்கே எழுதியிருப்பதைக் கண்டு வியந்து, யார் வைத்தது என்று விசாரித்துக்கொண்டு அப்பூதியடிகளின் வீட்டுக்குப் போகிறார். விருந்துக்கு வாழையிலை அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியதும், விருந்து கெடக்கூடாதென்று பெற்றோர் அதை மறைத்ததும், நாவுக்கரசர் பதிகம் பாடிப் பிள்ளையை எழுப்பியதும் தமிழர் பலரும் அறிந்த கதை.

எனக்கு அந்தக் கதை அன்று வேறு விதமாகப் பட்டது. திருப்பழனத்துக்கும் திங்களூருக்கும் இடையே உள்ள தூரம் நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்னத் தூரத்துக்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் தேவைப்பட்டிருக்கிறது என்றால், இந்த வெயிலைப் பற்றி அக்காலத்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். மார்கழியிலும் திருவையாறு சேர்வதற்குள் அது தீர்ந்துபோனது. வாழைத்தோட்டத்துப் பாம்பும் கதையில் மட்டும் இருப்பதல்ல. இந்தப் பக்கம் முழுக்க வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லும்தான். குறுக்கு வழி என்று வாழைக்கொல்லைக்குள் இறங்காமல், சருகு மண்டிய வரப்புகளை விட்டு ஆள் நடமாட்டமுள்ள தடத்திலேயே போவது நல்லது. ஒரு தடவை கொல்லை வழியாகப் போகலாமா என்று நான் கேட்டபோது அக்கா, "எல அரியப் போனவன் கதைய இப்பத்தான கும்பிட்டுட்டு வந்தோம்?" என்று கேட்டுவிட்டுச் சாலையிலேயே நடந்தார்.

திங்களூரிலிருந்து பிரதான சாலைக்கு வரும் கிளைச்சாலையின் இருபுறமும் சம்பா கதிர் தலைசாய்ந்து நின்றது. கும்பகோணம் சாலையில் ஏறியதும் நடையின் குணமே மாறிவிடுகிறது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே போகும் சாலை இது. அகலம் குறைவு, பேருந்துகளுக்கு அவசரம் அதிகம். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் நடப்பதுதான் முறை என்பதால் அப்படியே நடந்தோம். பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது என்றால், எதிரே வருகிற ஓட்டுநருக்கு அது நேராகக் கண்ணில் இருக்கிறது. எங்களுக்கு அவர் தெளிவாகத் தெரிகிறார், அவருக்கு நாங்கள் வெறும் நிழல்கள். ஒரு லாரி ஓட்டுநர் கண்ணுக்குமேல் கையை மறைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்த பிறகு, வண்டி சத்தம் கேட்டாலே தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றுகொண்டோம். காலை 8 மணி வரை இதில் அலட்சியம் கூடாது. திசையை மாற்றியதால் கிடைத்த நன்மைக்கு இது ஒரு விலை.

இடம் கிடைக்கும் போதெல்லாம் சாலையை விட்டுக் கரைக்கு இறங்கிவிடுவது இன்னும் நல்லது. ஆனால் ஆற்றங்கரை ஓரமாகவே முழுத் தூரமும் நடந்துவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஓரிடத்தில் தோட்ட வேலி குறுக்கே வரும், ஓரிடத்தில் நாணல் அடர்ந்திருக்கும், திரும்பச் சாலைக்கு ஏற வேண்டியிருக்கும். நாங்கள் கண்டுகொண்ட வழி படித்துறைகளைப் பிடித்துக்கொண்டு போவது. சாலையிலிருந்து ஆற்றுப்பக்கம் பிரியும் சந்து ஏதாவது ஒரு துறையில்தான் பெரும்பாலும் போய் முடியும். அங்கே ஓர் அரசமரமும் ஒரு பிள்ளையாரும் இருந்தால் நிழலும் உட்கார மேடையும் கிடைத்த மாதிரி.

அப்படி இறங்கிய ஒரு துறையில் நான் விழுந்தேன். மேலே உள்ள படிகள் காய்ந்து சுத்தமாகத்தான் இருந்தன. தண்ணீர் அன்று சற்றுக் குறைந்திருந்ததால், முந்தின நாள்வரை மூழ்கிக் கிடந்த படிகள் வெளியே தெரிந்தன. பச்சையாக இருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பேன். அது கல்லின் நிறத்திலேயே மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. கால் வைத்ததும் இடுப்பு தரையில் இருந்தது. பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "அந்த ஈரக்கோட்டுக்குக் கீழ கால் வைக்காதீங்க தம்பி, பாசி. தண்ணி வேணும்னா நான் மொண்டு தரேன்" என்றார். ஈரக்கோடு என்று அவர் சொன்னது, படிக்கட்டின் பக்கச்சுவரில் நேற்றுவரை தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும் கறை. அதற்கு மேலே உள்ள படிகள் மட்டுமே நம்முடையவை. குளிக்க ஆசைப்படுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில் மட்டும் குளிக்க வேண்டும். மணல் பறித்த பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, கல்லணையில் திறப்பு கூடினால் சில மணி நேரத்தில் இழுப்பும் கூடிவிடும். நாங்கள் அந்த அம்மா மொண்டு கொடுத்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டோம்.

திருப்பழனத்தில் இந்த முறை கதவு திறந்திருந்தது. ஆபத்சகாயேசுவரர் என்ற சுவாமி பெயரைக் கேட்டதும், இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அக்கா சிரித்தார். கூட்டம் இல்லாத பெரிய பிரகாரம், புறாச் சத்தம், பசும்புல்லின் மேல் பனி. நந்தி கல்யாணத்துக்குப் பழம் அனுப்பிய ஊர் என்று ஏழூர்க் கதை இந்த ஊரின் பெயருக்குப் பொருள் சொல்கிறது. ஆனால் பழனம் என்றால் பழந்தமிழில் வயல், நீர் நிறைந்த விளைநிலம். மதிலுக்கு வெளியே வந்து நாற்புறமும் பார்த்தால் அந்தச் சொல் அப்படியே கண்முன் விரிந்து கிடக்கிறது. கதை அழகாக இருக்கிறது. எனக்கு வயல் போதும். அப்பூதியடிகளின் பெயரை நாவுக்கரசர் தம் பாட்டில் வைத்துப் பாடியதும் இந்தத் தலத்துப் பதிகத்தில்தான். அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினோம்.

திருப்பழனத்திலிருந்து திருவையாறு வரை உள்ள பகுதிதான் இந்த நடையில் நீளமானது, சொல்வதற்குக் குறைவாக உள்ளதும் அதுதான். பாதி வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். வலது முழங்காலுக்கு அக்கா ஓர் உறை மாட்டிக்கொண்டார். இந்த இடத்தில் செருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடைக்கென்று நாடா கட்டிய காலணி போட்டுக்கொண்டு வந்தால் கோயிலுக்குக் கோயில், துறைக்குத் துறை குனிந்து கழற்றி, குனிந்து மாட்டியே இடுப்பு போய்விடும். சித்திரையில் எனக்கு அதுதான் நடந்தது. பின்பக்கம் வாருள்ள, காலை நுழைத்ததும் நிற்கிற, பழகிய செருப்பு போதும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். கழற்றிய செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை வைத்திருந்தால், ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறவும் முடியும். திருவையாற்றுக் கோயில் போன்ற பெரிய இடத்தில் அது ஒரு கால் மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

திருவையாற்றுக்குள் கிழக்கிலிருந்து நுழைந்தால் ஆற்றங்கரையில் தியாகராஜரின் சமாதி. 1767இல் திருவாரூரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்ந்து, கடைசியில் துறவு பூண்டு 1847இல் மறைந்தவர். தை மாதத்தை ஒட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று இங்கே ஆராதனை; அந்த வாரம் ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும், ஆகவே பாட்டுக்காக வருகிறவர்கள் அப்போதும் நடைக்காக வருகிறவர்கள் வேறு நாளிலும் வருவது உத்தமம். நாங்கள் போனபோது துப்புரவு செய்யும் ஒருவரைத் தவிர ஆளே இல்லை. சன்னிதிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி அமைந்திருக்கும் இன்னொரு சமாதியைப் பலர் கவனிக்காமலேயே போய்விடுகிறார்கள். அது பெங்களூர் நாகரத்தினம்மாளுடையது. கவனிப்பாரின்றிக் கிடந்த இந்த இடத்தைத் தம் செலவில் மீட்டு, 1920களில் கோயிலாகக் கட்டியவர் அவர். தேவதாசி மரபில் வந்தவர் என்பதாலும் பெண் என்பதாலும் அந்த நாளில் ஆராதனையில் பாட இடம் மறுக்கப்பட்டபோது, பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940இல்தான் ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்த அணிகள் ஒன்றாயின. 1952இல் அவர் மறைந்தபோது இங்கேயே அடக்கம் செய்தார்கள். அக்கா அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரக் கணக்கில் இருபது நிமிடம் அங்கே போயிற்று, போகட்டும்.

அங்கிருந்து புஷ்ய மண்டபப் படித்துறை. அகலமான படிகள், மேலே கல் மண்டபம், தர்ப்பணம் செய்து வைக்கிறவர்கள், நீர்மாலை எடுத்துப் போகிறவர்கள் என்று எந்த நாளும் ஆள் இருக்கும் இடம். வழியில் பார்த்த துறைகளிலெல்லாம் காவிரி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கேதான் ஊருக்குச் சொந்தமான ஆறாகத் தெரிந்தது. நான் ஈரக்கோட்டைப் பார்த்து அதற்கு மேலேயே உட்கார்ந்தேன்.

ஐயாறப்பர் கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். தெற்குக் கோபுரத்தை நெருங்கும்போதே குங்கிலிய வாசம் வரும். ஆட்கொண்டார் சன்னிதி முன் உள்ள குண்டத்தில் பக்தர்கள் வாங்கிப் போடும் குங்கிலியம் ஓயாமல் புகைந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஓலமிட்ட பிள்ளையார் இருக்கிறார். தென்கரைக்கு வந்து சேர்ந்த சுந்தரரும் சேரமான் பெருமாளும் காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதால் இக்கரைக்கு வர முடியாமல் நின்று ஐயாறா என்று அழைக்க, பிள்ளையார் ஓலமிட்டு மறுமொழி கொடுக்க, ஆறு வழிவிட்டது என்பது தலவரலாறு. மூன்றாம் பிரகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று ஐயாறா என்று உரக்கக் கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். அக்கா கூப்பிட்டார். என் காதுக்கு நான்கு வரை எண்ண முடிந்தது. பின்னால் வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கத்தியதில் எண்ணிக்கையே தவறிப்போனது.

வளாகத்தின் வடபகுதியில் உள்ள வட கயிலாயத்தை விட்டுவிடக் கூடாது. முதலாம் ராஜராஜனின் தேவி உலகமாதேவி கட்டிய தனிக்கோயில். கல்வெட்டுகளில் ஒலோகமாதேவீச்சரம் என்று பெயர். கயிலை என்ற பெயருக்கு இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. கயிலாயத்தைக் காணப் புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் விடாமல் போக, அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழும்படி இறைவன் பணித்து, இங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தான் என்பது அது. ஆடி அமாவாசையன்று அதை விழாவாக நடத்துகிறார்கள். "கால் தேஞ்சவருக்கே சாமி போதும் திரும்புன்னு சொல்லிட்டாரு, ஒனக்கு ஏழு ஊரு கேக்குது" என்று அக்கா பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். மார்கழிப் பத்து மணிக்குக் கல் சுடவில்லை. ஆனாலும் நிழல் விழும் பக்கமாகவே சுற்றி வந்தோம்.

கடைசி 2 கிலோமீட்டர் தில்லைஸ்தானத்துக்கு. திருநெய்த்தானம் என்ற பெயர்தான் மருவி இப்படி ஆகியிருக்கிறது, சுவாமி நெய்யாடியப்பர். 11 மணிக்கு உள்ளே நுழைந்தபோது குருக்கள் தவிர நாங்கள் மட்டுமே இருந்தோம். நடை சாத்த இன்னும் நேரம் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சின்னக் கோயில்களில் குருக்கள் வேறு கோயிலுக்கும் போக வேண்டியிருக்கும், ஆகவே அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமல் வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நான் இந்த ஊரைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் சுவர்கள். 9ஆம் நூற்றாண்டின் முதலாம் ஆதித்த சோழன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் உள்ள கோயில் இது. அவற்றுள் ஒன்று வரலாற்றுப் புத்தகங்களுக்குள் போய்விட்டது. சோழ மன்னன் ஆதித்தனும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்ற தலைவனுக்குப் பல்லக்கு, சாமரம், யானைகள் முதலிய சிறப்புகளையும் செம்பியன் தமிழவேள் என்ற பட்டத்தையும் கொடுத்ததாக அது சொல்கிறது. இரண்டு அரச குலங்கள் இணக்கமாக இருந்ததற்குச் சான்றாக அதைக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டது அதற்காக அல்ல; விக்கி அண்ணனின் மனைவி கடம்ப மாதேவி இந்தக் கோயிலுக்குச் செய்த கொடையைப் பதிவதற்காக. கணவன் பெருமையெல்லாம் அவளை அறிமுகப்படுத்த வந்தது.

கல்வெட்டு பார்ப்பதற்கு எழுத்தறிவைவிட வெளிச்சம் முக்கியம் என்பதை இங்கேதான் கற்றேன். வெயில் சுவருக்கு நேராக அடித்தால் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். பக்கவாட்டிலோ மேலிருந்தோ சரிந்து விழுந்தால் வெட்டிய பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பி நிற்கும். மார்கழிப் பதினோரு மணிக்குத் தென்சுவரில் அப்படிப்பட்ட வெயில் இருந்தது. நிழலில் கிடந்த வடசுவருக்குக் கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். அதுவும் போதுமானதாக இருந்தது. சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கவே கூடாது, கல் கெட்டுப்போகும். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிச்சுவருக்கு எங்களைத் தடுக்கவில்லை. படிப்பது நினைத்த அளவு கடினமும் அல்ல. தொடக்கத்தில் ஸ்வஸ்திஸ்ரீ என்று கிரந்த எழுத்தில் இருக்கும், அடுத்துக் கோ என்று அரசன் பெயர், பிறகு யாண்டு, அதாவது அவன் ஆட்சியாண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், பல எழுத்துகள் மெல்ல மெல்லப் பிடிபடும்.

முட்டி மடக்கி உட்கார முடியாத அக்கா, அதிட்டானம் என்கிற அடித்தளத்தின் மேல்வரியில் விரல் படாமல் காற்றிலேயே எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தார். விளக்கெரிக்க ஆடு கொடுப்பதும், அந்த ஆட்டுக்கு ஈடாக நாள்தோறும் நெய் அளப்பதும் சோழர் காலத்து வழக்கம். கொடுத்த ஆடு எண்ணிக்கை குறையாமல் என்றும் இருக்க வேண்டும் என்பதால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஓரிடத்தில் நின்றார். "தம்பி, இங்க பாரு, நெ. பக்கத்துல ய. நெய்யி!" குருக்கள் சாவியோடு வந்து நின்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

திருவையாறு திரும்பி, பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறியபோது மணி 1. சன்னலோரம் அக்காவுக்கு. காவிரி என்றார், குடமுருட்டி என்றார், வெட்டாற்றுக்கு விரலை மட்டும் மடக்கினார். வெண்ணாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வடவாற்றை நான்தான் எண்ணினேன்.